பாடத்திட்டத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? பெற்றோரே, தெரிந்துகொள்ளுங்கள்!



பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்று ஒவ்வோர் ஆண்டும் நாம் தவிக்கிறோம். மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை, எஸ்.டி.பி.எம்.-மில் நல்ல புள்ளி எடுத்தும் கேட்ட துறை கிடைக்கவில்லை, மேல்முறையீடு செய்தும் பதில் இல்லை. அரசியல்வாதிகளிடம் மகஜர் கொடுக்கிறோம். பத்திரிகையில் படம் வருகிறது. எப்படியோ ஓர் இடம் கிடைத்துவிட்டால் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறோம்.

அந்த இடத்தில் பிள்ளைக்கு என்ன பாடம் நடத்துகிறார்கள்? அந்தப் பாடத்தை யார் எழுதினார்கள்? யார் அனுமதி கொடுத்தார்கள்? மூன்று ஆண்டுப் படிப்பை இரண்டாம் ஆண்டில் மாற்றினால் யாரைக் கேட்பது? இந்தக் கேள்விகளை நாம் கேட்பதே இல்லை. அது படித்தவர்கள் விவகாரம், நமக்கேன் என்று விட்டுவிடுகிறோம்.

இது நம் விவகாரம்தான். பணம் நம்முடையது. பிள்ளை நம்முடையது. சில நேரங்களில் அந்தப் பாடப் புத்தகத்தில் எழுதப்படுவதும் நம்மைப் பற்றித்தான்.

இரண்டு சம்பவங்கள், ஒரே பாடம்

2006-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். 'ஹுபுங்கான் எத்னிக்' என்னும் இன உறவுப் பாடத்திற்காக புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் ஒரு வழிகாட்டி நூல் பயன்படுத்தப்பட்டது. இன ஒற்றுமையை வளர்க்க வந்த பாடம் அது. ஆனால் 1969 மே 13 கலவரத்திற்கு ஓர் எதிர்க்கட்சியின் மீது பழி போட்டது. 2001 மார்ச் மாதம் கம்போங் மேடானில் நடந்த வன்முறைக்கு இந்திய இளைஞர்களைக் காரணம் காட்டியது. கம்போங் மேடானில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். அடிபட்டுச் செத்தவர்கள் மீதே குற்றத்தைச் சுமத்தி, அதை மாணவர்கள் படித்துத் தேர்வு எழுத வேண்டும் என்று வைத்திருந்தார்கள். நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது. அவ்வாண்டு ஜூலை மாதம் அமைச்சரவை அந்த நூலை மீட்டுக்கொள்ளச் சொன்னது. பிறகு வேறு குழு அமைத்துப் புதிய நூல் எழுத வேண்டியதாயிற்று.

பத்து ஆண்டுகள் கழித்து, 2016 ஜூன் மாதம், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு சம்பவம். 'தித்தாஸ்' எனப்படும் இஸ்லாமிய, ஆசிய நாகரிகப் பாடத்தின் விரிவுரைக் குறிப்புகளில் இந்துக்களையும் சீக்கியர்களையும் இழிவுபடுத்தும் வரிகள் இருந்தன. அவை சமூக ஊடகங்களில் வெளிவந்தன. அப்போதைய துணைக் கல்வியமைச்சர் கமலநாதன் தலையிட்டார். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டு, குறிப்புகளைத் திருத்துவதாகச் சொன்னது.

இரண்டு முறையும் நாம் கொதித்தோம். அறிக்கை விட்டோம். அவர்கள் மீட்டுக்கொண்டார்கள். நாமும் மறந்துவிட்டோம். ஆனால் ஒரு வழக்கறிஞன் என்ற முறையில் நான் கேட்பது வேறு கேள்வி. இத்தனை படிகளைத் தாண்டி இந்த வரிகள் எப்படி மாணவர் கைக்கு வந்து சேர்ந்தன? எந்தப் படியில் யார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் ஒரு பாடம் எப்படி அனுமதி பெறுகிறது என்பது நமக்குத் தெரிய வேண்டும்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பு பிறக்கும் வழி

முதலில் ஒரு துறையில் உள்ள விரிவுரையாளர்கள் கூடி ஒரு முன்மொழிவு எழுதுகிறார்கள். அதில் படிப்பின் பெயர், ஏன் அது தேவை, வேலை வாய்ப்பு இருக்கிறதா, எத்தனை மாணவர்கள், யார் கற்பிப்பார்கள், எத்தனை கிரெடிட், மாணவன் முடிவில் எதைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். கிரெடிட் என்பது படிப்பின் எடை. ஒரு கிரெடிட் என்றால் மாணவன் 40 மணி நேரம் உழைக்க வேண்டும் என்பது கணக்கு. வகுப்பில் உட்காருவது, வீட்டில் படிப்பது, தேர்வு எழுதுவது எல்லாம் அதில் அடக்கம். டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட், இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120.

அந்த முன்மொழிவு துறையிலிருந்து ஃபக்குல்டிக்குப் போகிறது. அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் கல்விக் குழுவுக்கு. பிறகு செனட்டுக்கு. செனட் என்பது பல்கலைக்கழகத்தின் உச்ச கல்வி மன்றம். துணைவேந்தர் தலைமையில் டீன்களும் பேராசிரியர்களும் அதில் உட்காருகிறார்கள். எதைப் படிப்பிப்பது, யாருக்குப் பட்டம் கொடுப்பது என்பது அவர்கள் அதிகாரம். பணம், ஆள்பலம் போன்றவை இயக்குநர் வாரியத்தின் கையில். இந்த ஏற்பாடெல்லாம் 1971-ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டத்தில் உள்ளது. நம் பிள்ளைகள் 'ஆக்கு' என்று சொல்வார்களே, அதே சட்டம்தான்.

புதிய படிப்பு என்றால் செனட்டோடு முடிவதில்லை. உயர்கல்வி அமைச்சுக்குப் போக வேண்டும். அங்கு உயர்கல்வித் துறையின் குழு, இந்தப் படிப்பு வேறு பல்கலைக்கழகத்தில் ஏற்கனவே உள்ளதா, நாட்டுக்குத் தேவையா என்று பார்க்கும். அதோடு மலேசியத் தகுதி நிறுவனம் என்ற எம்.கியூ.ஏ.-வின் தர அங்கீகாரமும் வேண்டும்.

எம்.கியூ.ஏ. எங்கிருந்து வந்தது? 1996-இல் சட்டம் போட்டு 'லான்' என்ற தேசிய அங்கீகார வாரியத்தை உருவாக்கினார்கள். அது தனியார் கல்லூரிகளைப் பார்த்துக்கொண்டது. பிறகு 2007-ஆம் ஆண்டின் மலேசியத் தகுதி நிறுவனச் சட்டம், அதாவது சட்டம் 679, லானுக்குப் பதிலாக எம்.கியூ.ஏ.-வைக் கொண்டுவந்தது. அரசு, தனியார் இரண்டையும் இது பார்க்கிறது. சில பல்கலைக்கழகங்களுக்குத் தம் படிப்பைத் தாமே அங்கீகரிக்கும் உரிமையும் தரப்பட்டுள்ளது. மலாயாப் பல்கலைக்கழகம், யு.கே.எம்., யு.எஸ்.எம்., யு.பி.எம். ஆகியவை 2010-இல் அந்த உரிமையைப் பெற்றன. அங்கெல்லாம் செனட் சொன்னதுதான் ஏறக்குறைய கடைசி வார்த்தை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இத்தனை பேர் பார்த்தும் அந்த வரிகள் எப்படித் தப்பின? மேலே உள்ளவர்கள் பார்ப்பது பாடத்தின் தலைப்பு, நோக்கம், வாரம் ஒரு தலைப்பு என்ற அட்டவணை, தேர்வுக்கு எத்தனை விழுக்காடு என்பது போன்றவைதான். வகுப்பில் காட்டும் விரிவுரைக் குறிப்பு, கைநூல் ஆகியவை செனட் மேசைக்குப் போவதில்லை. 'ஆசிய நாகரிகம்: இந்திய நாகரிகத்தின் அறிமுகம்' என்ற ஒரு வரியைத்தான் மேலே உள்ளவர் பார்ப்பார். அந்த வரிக்குக் கீழே என்ன எழுதப்படுகிறது என்பதை எழுதுபவர் மட்டுமே அறிவார். எழுதும் மேசையில் நம்மவர் ஒருவரும் இல்லையென்றால், படித்துப் பார்க்கும் மேசையிலும் ஒருவரும் இல்லையென்றால், தவறு நேரே வகுப்பறைக்குப் போய்விடும். தித்தாஸ் பாடம் இப்போது இல்லை. 2019 முதல் வேறு பெயரில் நெறியும் நாகரிகமும் பற்றிய கட்டாயப் பாடங்கள் வந்துள்ளன. பெயர் மாறியதால் மட்டும் இந்த ஓட்டை அடைபட்டுவிடாது.

மாற்றம் என்ற பெயரில்

புதிய படிப்பைவிட அடிக்கடி நடப்பது, இருக்கும் படிப்பை மாற்றுவது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு படிப்பையும் மறுபார்வை செய்ய வேண்டும் என்பது எம்.கியூ.ஏ. விதி. மறுபார்வை நல்லதுதான். பத்து வருடத்துக்கு முந்திய கணினிப் பாடத்தை இன்று படித்து என்ன பயன்?

சிறிய மாற்றமாக இருந்தால் பல்கலைக்கழகமோ கல்லூரியோ தன் குழுக்களில் முடித்துக்கொள்ளும். ஒரு படிப்பின் மையப் பாடங்களில் 30 விழுக்காட்டுக்கு மேல் மாறினால் அது பெரிய மாற்றம். அதைப் பழைய படிப்பு என்று சொல்ல முடியாது. புதிய படிப்புக்குப் போலவே மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். இதில்தான் சில கல்லூரிகள் விளையாடுகின்றன. இந்த ஆண்டு கொஞ்சம், அடுத்த ஆண்டு கொஞ்சம் என்று மாற்றி, மூன்று ஆண்டில் படிப்பே வேறாகிவிடும். சான்றிதழில் மட்டும் பழைய பெயர் இருக்கும்.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய நியாயம் ஒன்று உண்டு. புதிய பாடத்திட்டம் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கானது. ஏற்கனவே சேர்ந்துவிட்ட பிள்ளை, சேரும்போது காட்டிய திட்டத்தின்படியே முடிக்க வழி செய்ய வேண்டும். மாற வேண்டிய கட்டாயம் வந்தால், முடித்த பாடங்களின் கிரெடிட் வீணாகாமல் மாற்றித்தர வேண்டும். பிள்ளையின் ஒரு செமஸ்டர் வீணானால் அது கல்லூரிக்கு ஒரு கணக்கு. நமக்கோ ஆறு மாத வாடகை, ஆறு மாத பஸ் காசு, ஆறு மாதச் சம்பள இழப்பு.

தனியார் கல்லூரி: எந்தக் காகிதத்தைக் கேட்பது?

நம்மில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். என் அலுவலகத்திற்கு ஒரு குடும்பம் வந்தது. தகப்பனார் லோரி ஓட்டுநர், தாயார் தொழிற்சாலையில் வேலை. மகள் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா. இரண்டாம் ஆண்டில் அவள் படித்த டிப்ளோமாவை இன்னொன்றோடு சேர்த்துவிட்டதாகக் கல்லூரி சொல்லியிருக்கிறது. "எல்லாம் ஒன்றுதான் அங்கிள், கவலைப்படாதீங்க" என்று அலுவலகப் பெண் சொன்னாராம். பார்த்தால் ஒன்றல்ல. கல்லூரி விளம்பரத்தில் போட்டிருந்த அங்கீகார எண் வேறொரு படிப்பினுடையது. பெற்றோர் கையில் இருந்தவை கட்டண ரசீதுகள் மட்டும். சேர்க்கைக் கடிதமும் இல்லை, பாட அட்டவணையும் இல்லை. கடிதம் மேல் கடிதம் எழுதி, கடைசியில் வேறு படிப்புக்கு மாற்றி, பெரும்பாலான கிரெடிட்டைக் காப்பாற்றினோம். ஒரு செமஸ்டர் போனது போனதுதான். சேர்வதற்கு முன் பத்து நிமிடம் சரிபார்த்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

எதைச் சரிபார்ப்பது? தனியார் கல்லூரி ஒரு படிப்பை நடத்த இரண்டு அனுமதி வேண்டும். ஒன்று, 1996-ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விக்கூடச் சட்டம் 555-இன்படி, உயர்கல்வி அமைச்சின் தலைமைப் பதிவாளர் தரும் அனுமதி. இரண்டு, எம்.கியூ.ஏ. அங்கீகாரம். கல்லூரிக்குப் பதிவு இருக்கிறது என்பதால் அங்கு நடக்கும் எல்லாப் படிப்புக்கும் அனுமதி இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி அனுமதி. ஒரு கிளையில் அனுமதி உள்ள படிப்பை இன்னொரு ஊர்க் கிளையில் அப்படியே நடத்தவும் முடியாது.

எம்.கியூ.ஏ. அங்கீகாரத்தில் இரண்டு வகை. முதலாவது 'அக்ரெடித்தாசி செமெந்தாரா', தற்காலிக அங்கீகாரம். படிப்பு தொடங்கலாம், காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். இரண்டாவது 'அக்ரெடித்தாசி பெனூ', முழு அங்கீகாரம். முதல் தொகுதி மாணவர்கள் கடைசி ஆண்டுக்கு வரும்போது கல்லூரி இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். வெளிப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மதிப்பீட்டாளர்கள் நேரில் வந்து, வகுப்பு, நூலகம், விரிவுரையாளர், தேர்வுத்தாள் எல்லாவற்றையும் பார்த்து முடிவு சொல்வார்கள். அதாவது, புதிய படிப்பில் சேரும் முதல் தொகுதிப் பிள்ளைகள் ஒருவகையில் சோதனை ஓட்டத்தில் இருக்கிறார்கள். சேரலாம், தவறில்லை. ஆனால் தெரிந்து சேர வேண்டும்.

அங்கீகார எண்ணைப் பார்த்தாலே எந்த வகை என்று புரிந்துவிடும். எம்.கியூ.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் பி.ஏ. என்று இருந்தால் தற்காலிகம். எஃப்.ஏ. என்றால் முழு அங்கீகாரம். இந்த பி.ஏ.-வைப் பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள்! அந்த எண்ணை எம்.கியூ.ஏ. இணையத்தளத்தில் உள்ள மலேசியத் தகுதிப் பதிவேட்டில் தட்டிப் பாருங்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை. கல்லூரியின் பெயர், படிப்பின் பெயர், நடக்கும் இடம், அங்கீகார நாள் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். தெரியவில்லையென்றால் தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ பக்கத்து வீட்டுத் தம்பியையோ கேளுங்கள். "அங்கீகாரம் இன்னும் புரோசெஸில் இருக்கிறது" என்று ஏஜெண்ட் சொன்னால், இன்றைய தேதியில் அங்கீகாரம் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். அங்கீகாரம் இல்லாததை இருப்பதாகச் சொல்லி ஆள் பிடிப்பது சட்டப்படி குற்றம்.

கைத்தொழில் படிப்பு வேறு வழி. எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ், 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் மனிதவள அமைச்சைச் சேர்ந்த திறன் மேம்பாட்டுத் துறையிடம் வருகிறது. வெல்டிங், வயரிங், மோட்டார் பழுதுபார்ப்பு படிக்கும் பிள்ளை என்றால் அந்தத் துறையின் அனுமதி பெற்ற மையமா என்று பாருங்கள்.

எம்.கியூ.ஏ. மட்டும் போதாது

சில தொழில்களுக்குப் பட்டம் இருந்தாலும் பதிவு இல்லாமல் வேலை செய்ய முடியாது. மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றம். பொறியியல் என்றால் மலேசியப் பொறியியலாளர் வாரியம். தாதிமை என்றால் தாதியர் வாரியம். சட்டம் என்றால் சட்டத் தொழில் தகுதி வாரியம். எந்தச் சட்டப் பட்டத்தோடு நேராக சேம்பரிங் செய்யலாம், எதற்கு சி.எல்.பி. தேர்வு எழுத வேண்டும் என்பதை அந்த வாரியம்தான் முடிவு செய்கிறது. பட்டம் கொடுத்த கல்லூரியல்ல.

உக்ரைன் நாட்டின் கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழக விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். நம் பிள்ளைகள் அங்கு பெருமளவில் போய்ப் படித்தார்கள். 2005-இல் மலேசிய மருத்துவ மன்றம் அதன் அங்கீகாரத்தை மீட்டுக்கொள்ளும் முடிவை எடுத்தது. வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் பதறிப்போயின. ஏற்கனவே சேர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கும் புதிதாகச் சேரப் போகிறவர்களுக்கும் நிலைமை ஒன்றல்ல என்பதைப் புரியவைப்பதற்கே பெரும் பாடாகிவிட்டது. அங்கீகாரம் என்பது ஒருமுறை கிடைத்தால் என்றைக்கும் நிற்கும் கல்வெட்டு அல்ல. சேரும் ஆண்டில் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும்.

நாம் முன்பு செய்ததுதான்

இவ்வளவு பெரிய அமைப்பில் தோட்டத்திலிருந்தும் தாமானிலிருந்தும் வந்த நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நம் தாத்தா, பாட்டி செய்ததைச் சொல்கிறேன்.

1950-களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கு இந்திய ஆய்வியல் துறை தொடங்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, ஆலோசனை கூற இந்தியாவிலிருந்து பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரி வரவழைக்கப்பட்டார். அவர் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரும் பரிந்துரையைச் செய்தார். இந்நாட்டு இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்கள் மொழிக்கு இரண்டாம் இடமா என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி எதிர்த்து எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். துறையின் நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்கப் பணம் சேர்ந்தது. கொடுத்தவர்களில் பட்டதாரிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பாட்டாளிகள் கொடுத்தார்கள். 1956-இல் துறை தொடங்கியபோது தமிழுக்கு அதில் உரிய இடம் கிடைத்தது. பிறகு துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1960-களில் தனிநாயகம் அடிகள் அதற்குத் தலைமை தாங்கினார். 1966-இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது.

கவனியுங்கள். அது ஒரு பாடத்திட்டப் போராட்டம். ஒரு துறையில் எந்த மொழியை முதன்மையாக வைப்பது என்பது அன்றும் கல்வியாளர்கள் மேசையில் முடிவாகும் விஷயம்தான். ஆனால் முடிவு எழுதப்படுவதற்கு முன்னால் சமுதாயம் போய்க் கதவைத் தட்டியது. வெறும் கோரிக்கையோடு போகவில்லை. நூல்களைக் கையில் கொண்டு போனது. 2006-இலும் 2016-இலும் நாம் செய்தது அதற்கு நேர்மாறு. அச்சாகி, வகுப்பில் படித்து முடித்த பிறகுதான் சத்தம் போட்டோம்.

இதே காரணத்துக்காகத்தான் தமிழ், இந்திய ஆய்வியல் படிப்புகளைப் பற்றியும் நாம் அக்கறைப்பட வேண்டும். ஒரு படிப்பை மறுபார்வை செய்யும்போது முதலில் பார்ப்பது மாணவர் எண்ணிக்கை. சேருவோர் குறைந்தால், அடுத்த தொகுதியை எடுக்காமல் நிறுத்தி வைப்பார்கள். நிறுத்தி வைத்தது பழகிப்போனால் மூடுவதற்கு யாருக்கும் மனக்கஷ்டம் இருக்காது. ஆர்ப்பாட்டம் இல்லாமல், ஒரு கூட்டக் குறிப்பில் ஒரு வரியாக அது முடிந்துவிடும். தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும், எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத்துக்கு ஆசிரியர் வேண்டும் என்றால், அவர்களை உருவாக்கும் பட்டப்படிப்பும் இருக்க வேண்டும் அல்லவா? தமிழ் படித்தால் சோறு கிடைக்குமா என்று பிள்ளையைத் தடுக்கும் பெற்றோர்களே, இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

இனி என்ன செய்வது?

வீட்டில் செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன். சேர்க்கைக் கடிதம், விளம்பரத்தாள், முழுப் பாட அட்டவணை, கட்டண விவரம், ரசீது ஆகிய ஐந்தையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். தனியார் கல்லூரிக்கும் உங்களுக்கும் இடையிலான ஒப்பந்தத்துக்கு அவைதான் சாட்சி. பாடம் மாறுகிறது என்று சொன்னால், "எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பாடத்துக்குப் பதில் எந்தப் பாடம், எம்.கியூ.ஏ.-வுக்குத் தெரிவித்தாயிற்றா என்று மூன்று கேள்வி போதும். வாயால் சொன்னது நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

பதில் வராவிட்டால் எம்.கியூ.ஏ.-வுக்கும் உயர்கல்வி அமைச்சுக்கும் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்யுங்கள். பணத்தைத் திரும்பப் பெறுவதென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 2019 முதல் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அங்கு வேலையே இல்லை! ஆனால் மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும்.

அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றால் வழி வேறு. அதன் முடிவை உயர்நீதிமன்றத்தில் சீராய்வு செய்யக் கேட்கலாம். முடிவு தெரிந்த மூன்று மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். நேர்மையாகச் சொல்கிறேன். எதைக் கற்பிப்பது என்ற கல்வி முடிவில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது. முடிவெடுத்த முறை சட்டப்படி நடந்ததா என்றுதான் பார்க்கும். அதனால் நீதிமன்றம் கடைசிக் கதவாக இருக்கட்டும். முதல் கதவுகள் வேறு.

சமுதாயமாக நாம் கேட்க வேண்டியவை இவை:

ஒன்று. எல்லா இனப் பிள்ளைகளும் கட்டாயமாகப் படிக்கும் பொதுப் பாடங்களில், ஓர் இனத்தைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ எழுதப்படும் பகுதியை அந்த இனத்தையும் சமயத்தையும் சேர்ந்த கல்வியாளர்கள் அச்சுக்கு முன் படித்துப் பார்க்க வேண்டும். தலைப்பை மட்டுமல்ல, கைநூலையும் விரிவுரைக் குறிப்பையும் சேர்த்து.

இரண்டு. பாடத்திட்டத்தை உருவாக்கும்போதும் மறுபார்வை செய்யும்போதும் மாணவர், முன்னாள் மாணவர், முதலாளிமார் போன்றோரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று எம்.கியூ.ஏ.-வின் விதியே சொல்கிறது. தமிழ்ப் படிப்புகளுக்கு அந்தப் பட்டியலில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இருக்க வேண்டும்.

மூன்று. பல்கலைக்கழக இயக்குநர் வாரியத்தில், அந்த வட்டாரச் சமூகத்தின் சார்பில் ஒருவருக்கு ஆக்கு சட்டம் இடம் தருகிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் வட்டாரத்தில் உள்ளவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம். நம்மவருக்கும் அந்த வாய்ப்பு வேண்டும் என்று கேட்போம்.

நான்கு. ஒரு படிப்பை நிறுத்தி வைக்கவோ மூடவோ நினைத்தால், செனட்டுக்குப் போகும் முன் வெளியில் அறிவிக்க வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டும். கருத்துச் சொல்ல அவகாசம் தர வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல. வரி கட்டுகிற குடிமக்களின் நியாயமான கேள்விகள்.

தம்பி, தங்கைகளே, பல்கலைக்கழகத்தில் இருக்கும் உங்களுக்கும் ஒரு வார்த்தை. மாணவர் மன்றத் தேர்தலில் நில்லுங்கள். பாட மறுபார்வைக்குக் கருத்துக் கேட்கும் பாரம் வந்தால் சும்மா டிக் போட்டு விடாதீர்கள், எழுதுங்கள். விரிவுரைக் குறிப்பில் தவறு கண்டால் படம் பிடித்துப் போடுவதோடு நிற்காமல், பக்கம், தேதி, பாடக் குறியீடு எல்லாம் குறித்து டீனுக்கு எழுதுங்கள். ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, சாரங்கபாணி காலத்தில் காசு கொடுத்த நம் பெரியவர்களுக்குச் செனட் என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. ஆனால் பிள்ளைகளுக்கு எதைப் படிப்பிக்கப் போகிறார்கள் என்று கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்பது தெரிந்திருந்தது. அந்த உரிமை இன்றும் நம் கையில்தான் இருக்கிறது. இந்த வாரமே பிள்ளையை உட்கார வைத்து, அதன் படிப்பின் அங்கீகார எண்ணை எடுத்துப் பாருங்கள். கேட்கத் தொடங்குங்கள்!